காரைவீட்டுப் பெண்ணை விசாரிக்க வந்தவருக்கு

அந்த நாற்காலி வேண்டாம் அம்மா. இப்படி, எனக்கு வலப்புறமாக வந்து உட்காருங்கள். வருகிறவர்கள் எல்லோரும் இடப்புறம்தான் உட்காரப் பார்க்கிறார்கள். அந்தக் கன்னம் முழுதாக இருக்கிறதல்லவா! நான் விடுவதில்லை. பேச்சு முடியும்வரை இந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது இந்த வீட்டு வழக்கம். சற்று நேரத்தில் பழகிவிடும். பழகாதவர்களும் உண்டு, அவர்கள் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார்கள்.

பாடநூலை வாசிப்பதுபோல் பேசுகிறாளே என்று நினைக்கிறீர்கள். செருக்கு அன்று. என் தாடை ஒரு விரற்கிடை மட்டுமே திறக்கும். ஊர்ப்பேச்சில் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கின்றன. அந்த நெரிசல் இந்த வாயில் புகாது. ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியே வெளியே அனுப்பினால்தான் எதிரில் இருப்பவருக்கு விளங்கும். ஏழு வயதில் மருத்துவமனைக் கட்டிலில் இரண்டாம் வகுப்பு வாசகத்தை மடியில் வைத்துக்கொண்டு பேசக் கற்றவள் நான். பிறர் சொன்னதைச் சொல்லும்போது மட்டும் அவர்கள் சொன்னபடியே சொல்வேன். அதில் ஓர் எழுத்துக்கூட மாற்ற மாட்டேன். அப்போது சிறிது எச்சில் வழியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுகப்பிரியாவைப் பற்றி விசாரிக்க வந்திருக்கிறீர்கள். தரகரிடம் என் பெயரைச் சொன்னவள் அவளே, இல்லையா? “எங்க குருவம்மா டீச்சரக் கேளுங்க, அவங்களுக்கு என்னைப் பத்தி எல்லாந் தெரியும்.” இப்படித்தான் சொல்லியிருப்பாள். முன்பு அருப்புக்கோட்டையிலிருந்து வந்தவர்களிடமும் இதையே சொன்னாள். கமுதிக்காரர்களிடமும் இதையே சொன்னாள். நீங்கள் மூன்றாவது. அவர்கள் இருவரும் நீங்கள் இருக்கும் இடத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு இந்த ஊர்ப்பக்கம் வரவில்லை. நான் அவர்களிடம் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. இதை மட்டும் நினைவில் வையுங்கள். ஒரு பொய்கூட.

பெண்ணைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்பில் என் மாணவி. எழுத்து மணிமணியாக இருக்கும். இப்போது இதே ஊர்த் துணைச் சுகாதார நிலையத்தில் நர்ஸ். வாக்குச் சுத்தம், கைச் சுத்தம். பெண்ணிடம் குறை என்று சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. ஆனால் பெண் எடுப்பவர்கள் பெண்ணை மட்டுமா எடுக்கிறார்கள்? வீட்டையும் சேர்த்துத்தானே எடுக்கிறார்கள்? ஆகவே வீட்டைப் பற்றிக் கேளுங்கள். காரைவீடு. அந்தக் காலத்தில் இந்த ஊரில் சுண்ணாம்பும் செங்கல்லும் கண்ட ஒரே வீடு.

எனக்கு அப்போது வயது ஐந்து. இரண்டு ஆண்டு மழை இல்லை. என் தந்தை உப்பளத்து வேலைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. வீட்டில் என் தாய் ராக்காயியும் நானும். புளியங்கொட்டையை வறுத்து இடித்துத் தின்ற காலம். அதன்மேல் எனக்கு மணல்வாரி அம்மை போட்டது. வாசலில் வேப்பிலை செருகினார்கள். எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். அம்மை போட்ட வீட்டுக்கு ஒன்றும் கொடுக்கக் கூடாது, அங்கிருந்து ஒன்றும் வாங்கக் கூடாது. அம்மை இறங்கிப் பிள்ளையின் தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றி முடியும்வரை நெருப்புத்துண்டுகூட அந்த வாசலைத் தாண்டக் கூடாது. இருக்கிற வீட்டுக்கு அது விரதம். இல்லாத வீட்டுக்கு அது என்ன என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஐந்தாம் நாள் என் தாய் கலயத்தை எடுத்துக்கொண்டு காரைவீட்டுக்குப் போனாள். சோலையம்மாள் வாசலில் நின்றாள். இந்தப் பெண்ணுடைய அப்பத்தா. இன்னும் இருக்கிறாள், எண்பத்து நான்கு வயது, கட்டிலோடு கட்டிலாக. அன்று அவளுக்கு இருபத்திரண்டு. இடுப்பில் ஆறு மாதக் குழந்தை.

“மதினி, ஒரு வாய் மோரு ஊத்துங்க. பிள்ளை கண்ணு தொறக்க மாட்டேங்குது.”

“ஏ ராக்காயி, வேப்பிலை வச்ச வீட்டுல இருந்து வாசலுக்கு வரலாமா? ஆத்தா கோவிச்சுக்குவா. என் இடுப்புல பச்சப்பிள்ளை இருக்கு பாரு. மூணு தண்ணி ஊத்திட்டு வா, நானே கொண்டாந்து தாறேன்.”

கதவு சாத்தப்பட்டது. இவ்வளவுதான் நடந்தது. இவ்வளவுதானா என்று கேட்பீர்கள். இவ்வளவுதான் அம்மா, இதற்குமேல் ஒன்றும் தேவைப்படவில்லை.

அம்மை இறங்கியது. அது போன பிறகு ஈறு வீங்கியது. பிறகு நாற்றம். என் நாற்றம் எனக்கே தெரிந்தது. தாய்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் தண்ணீர் கொடுத்தாள். இங்கே, இந்த இடத்தில், முதலில் ஒரு கருநீலப் பொட்டு. மூன்றே நாளில் அது கன்னத்தைத் தின்று வெளியே வந்தது. கடைவாய்ப் பற்கள் தாமாகக் கையில் விழுந்தன. கண்ணாடி பார்க்காத வயது என்பதால் நான் விரலை விட்டுத்தான் பார்த்தேன். கன்னத்தின் வெளியே வைத்த விரல் நாக்கைத் தொட்டது.

மிஷன் மருத்துவமனையில் ஒரு மலையாளத்து சிஸ்டர். என் வாயை உப்புநீர் விட்டுக் கழுவினார், ஊசி போட்டார், நாள்தோறும் பாலும் முட்டையும் நீர்க்கக் கரைத்துப் புகட்டினார். நான் பிழைத்தேன். பின்னர் வடக்கே வேறொரு பெரிய மருத்துவமனையில் என் கையின் தசையைக் கன்னத்தோடு சேர்த்துத் தைத்தார்கள். மூன்று வாரம் கை முகத்தோடு ஒட்டியிருந்தது. தொலைபேசியில் பேசுகிறவளைப்போல் இருந்தேன் என்று பிறகு சிரித்தார்கள். நானும் சிரிக்க முயன்றேன். தையல் விட்டுப்போயிற்று.

மருத்துவமனைக்கு யார் கொண்டுபோனார்கள் என்று கேட்கிறீர்களா? வண்டி காரைவீட்டு வண்டிதான். மாடும் அவர்களுடையது. சோலையம்மாள் கணவரிடம் சண்டையிட்டு அனுப்பினாள் என்று ஊரில் சொல்வார்கள். ஏன் அனுப்பினாள் என்பது எனக்குத் தெரியும்: நாற்றம் ஊரைவிட்டுப் போக வேண்டும். வேறென்ன?

சரி, கன்னம் போனது போகட்டும். நான் இன்றுவரை ஆறாமல் இருப்பது கன்னத்துக்காக அன்று, கதைக்காக.

மூன்று ஆண்டு கழித்து ஊருக்கு வந்தேன். ஊருணிக்குத் தண்ணீர் எடுக்கப் போனால் பிள்ளைகள் பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஓடுகிறார்கள். “மாவிளக்குத் திருடி! மாவிளக்குத் திருடி!” நான் முளைப்பாரியன்று அம்மனுக்கு வைத்த மாவிளக்கை யாரும் காணாமல் எடுத்துத் தின்றேனாம், அதனால் ஆத்தா என் வாயை எடுத்துக்கொண்டாளாம். கேட்டீர்களா? பச்சரிசி மாவையும் வெல்லத்தையும் அந்த ஆண்டு நான் கண்ணாலும் பார்த்ததில்லை. தின்றிருந்தால் இந்தக் கன்னம் இருந்திருக்கும்!

கதை வளர்ந்தது. நான் ஆசிரியப் பயிற்சிக்குப் போன ஊரில், பேருந்து நிறுத்தத்தில் ஒரு தாய் தன் மகளிடம் என்னைக் காட்டாமல் காட்டிச் சொன்னாள், “கூழு ஊத்துறதுக்கு முந்தி குடிச்சவ அவ.” முதுகுளத்தூர்ப் பக்கம், கற்பூரம் அணைத்துப் பொய்ச்சத்தியம் செய்தவள். சாயல்குடியில் மாமியாரை எதிர்த்துப் பேசியவள். எனக்குத் திருமணமே ஆகவில்லை, மாமியார் எங்கிருந்து வந்தாள்? எல்லாவற்றையும் எழுதி வைத்தேன். யார் சொன்னது, எந்த ஆண்டு, யாரிடம் கேட்டதாகச் சொன்னது. பதினொரு வடிவங்கள். ஒவ்வொன்றையும் அதைச் சொன்ன வாயிலிருந்து அதற்கு முந்தைய வாய்க்கு, அங்கிருந்து அதற்கும் முந்தைய வாய்க்கு என்று பின்னோக்கிக் கொண்டுபோனேன். விடுமுறை நாள்கள் அதற்கே போயின. எனக்கு வேண்டியது ஒன்றுதான்: முதல் வாய் எது?

பதினொன்றும் கடைசியில் இந்த ஊருணிக்கரைக்குத்தான் வந்தன. அங்கே நின்று யார் சொன்னது என்று கேட்டால் எல்லோரும் மருத்துவச்சி கருப்பாயியைக் காட்டினார்கள். கருப்பாயியிடம் போனேன். அவள் என்னைப் பார்க்காமல் வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டே சொன்னாள்.

“வேணாம் தாயி. விட்டுரு.”

“சொல்லு. காரைவீட்டுச் சோலையம்மாள்தானே?”

“அவ எதுக்குச் சொல்றா? உங்க ஆத்தாதேன் சொன்னா. படித்துறையில உக்காந்து அழுதுக்கிட்டே சொன்னா. எம்பிள்ளை சாமிக்கு வச்சதத் தின்னுபுட்டா, அதான் இப்புடின்னு. நாங்க என்ன செய்வோம்? நாங்களும் அப்புடியே சொன்னோம்.”

கிழவிக்கு அப்போதே எண்பது வயது. நினைவு தடுமாறும் வயது. ஒற்றைச் சாட்சியை வைத்துக்கொண்டு ஒரு முடிவுக்கு வரலாமா? வரக் கூடாது. எழுதிய பக்கத்தைக் கிழித்துவிட்டேன். நான் கிழித்த பக்கம் அது ஒன்றுதான்.

ஒரு தாய் தன் பிள்ளையைத் திருடி என்று சொல்வாளா? நீங்களும் தாய்தானே, சொல்வீர்களா? ஆம், மருத்துவமனையில் ஒரு முறை சொன்னாள், அது வேறு. சிஸ்டர் கேட்டார், “குட்டிக்கு நீ என்ன கொடுத்தாய்?” என் தாய் நிமிர்ந்து நின்று, “மூணு வேளையும் சோறுதேம்மா. வயித்துக்குக் கொறை வைக்கல. ஆத்தா சோதனைதேன், மாவிளக்கத் தின்னுட்டா” என்றாள். கட்டிலில் கிடந்து நான் கேட்டுக்கொண்டிருந்தேன். வேற்று மனிதரின் முன்னால் என் பிள்ளைக்குப் போட ஒன்றுமில்லை என்று எந்தத் தாய் சொல்வாள்? அது மானத்துக்குச் சொன்ன சொல். அதைக் கதை கட்டியது என்று சொல்ல முடியாது. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போடாதீர்கள். நீங்கள் முடிச்சுப் போடுவது உங்கள் முகத்தில் தெரிகிறது.

நான் சொல்ல வந்தது வேறு. எழுபத்தொன்பதாம் ஆண்டில் ஆசிரியை வேலை வந்தபோது மூன்று ஊர்கள் கொடுத்தார்கள்; எங்கு வேண்டுமானாலும் போகலாம் என்றார்கள். நான் இந்த ஊரைக் கேட்டு வாங்கினேன். நான் சேர்ந்த வாரத்தில் சோலையம்மாள் பள்ளிக்கூட வேலிக்கு வந்தாள். கையில் ஒரு தூக்குவாளி. மோர்.

“குருவம்மா, அன்னைக்கு நாங் குடுத்திருக்கணும்டி. பிள்ளைக்குப் பயந்துட்டேன். அந்த மூணு தண்ணி என் தலையில ஊத்துன மாதிரி இன்னும் குளுருது.”

ஒப்புக்கொண்டாள்! கேட்டீர்களா, அவளே வந்து, அவள் வாயாலேயே ஒப்புக்கொண்டாள். அதற்குமேல் வேறு சாட்சி எதற்கு? நான் வாளியைத் தொடவில்லை. அதை வேலியில் மாட்டிவிட்டுப் போனாள். மாலைவரை அங்கேயே தொங்கியது.

அந்த ஆண்டிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் ஐந்தாம் வகுப்பில் வெள்ளிக்கிழமைக் கடைசி மணி கதை சொல்லும் நேரம். பிள்ளைகள் என்னைப் பார்த்துப் பயந்துகொண்டே மாவிளக்குக் கதையைச் சொல்வார்கள். நான் அடிக்கவில்லை, கோபிக்கவில்லை. “நன்று. இப்போது நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்” என்று காரைவீட்டு வாசலில் நடந்ததைச் சொல்வேன். மோர் கேட்டது, மறுத்தது, கதவு சாத்தியது. முப்பத்தாறு ஆண்டுகள் அம்மா! முப்பத்தாறு வகுப்புகள். இன்றைக்கு இந்த ஊரில் ஐம்பது வயதுக்குக் கீழே எவரும் மாவிளக்குக் கதையை அறிய மாட்டார்கள். காரைவீட்டுக் கதையைத்தான் அறிவார்கள்.

அதுவும் வளர்ந்திருக்கிறது. பக்கத்து ஊரில் அவள் மோரைத் தரையில் ஊற்றிக் காட்டினாள் என்கிறார்கள். சாயல்குடியில் நாயை ஏவிவிட்டாள் என்கிறார்கள். நான் நாயைச் சொன்னதில்லை. திருத்தவும் இல்லை. பதினொரு வடிவங்களைச் சுமந்தவள் நான். அவள் இரண்டைச் சுமந்தால் குறைந்தா போய்விடுவாள்?

அந்த வகுப்பில் இந்தச் சுகப்பிரியாவும் இருந்தாள். ஆம், அவள் இருந்தபோதும் சொன்னேன். பெயரைச் சொல்லித்தான் சொன்னேன். எல்லாப் பிள்ளைகளும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். அவள் அழவில்லை. மணி அடித்ததும் என் மேசைக்கு வந்து நின்றாள். “டீச்சர், வலிக்குமா இப்ப?” என்று கேட்டாள். போகச் சொன்னேன்.

இருங்கள், வாசலில் வண்டிச் சத்தம். அவள்தான்.

“டீச்சர்! வாய் கொப்புளிச்சீங்களா? உப்புத் தண்ணி, மறந்துறாதீங்க. வந்து பாப்பேன்!”

“கொப்பளித்தேன். போ.”

“பொய்யி! சொம்பு காலையில வச்ச எடத்துலயே இருக்கு, இங்கருந்தே தெரியுது. யாரு, விருந்தாளியா? வாங்கம்மா. இவங்க காப்பியில சீனி போட மாட்டாங்க, கேட்டு வாங்கிக்கங்க. டீச்சர், நாங் கரிமூட்டத்துக்குப் போயிட்டு வாறேன்!”

பார்த்தீர்களா, அவள்தான். உங்களை யாரென்று தெரியாது. புகைப்படத்தைவிட நிறம் கம்மி, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கரிமூட்டமா? ஊருக்கு வெளியே சீமைக்கருவேலம் வெட்டிக் கரி சுடுகிறார்கள். வெளியூர்க் குடும்பங்கள், ஓலைச்சாளையில் பிள்ளைகுட்டிகளோடு கிடப்பார்கள். அங்கே இவளுக்கு என்ன வேலை என்றுதானே கேட்கிறீர்கள்? கேட்க வேண்டியதுதான். முன்பு வந்தவர்களுக்கு இதைச் சொல்லும் வாய்ப்பு எனக்குக் கிட்டவில்லை; இது போன தை மாதம்தான் நடந்தது. கேளுங்கள், இந்தப் பெண்ணின் போக்கு உங்களுக்கு விளங்கும்.

அங்கே மூன்று வயதுப் பெண்குழந்தை ஒன்றுக்கு மணல்வாரி. சாளையில் வேப்பிலை செருகியிருந்தது. நம் வழக்கம் என்ன? வேப்பிலை கண்ட வாசலில் கால் வைக்கக் கூடாது. இவள் கேட்டாளா? நேரே உள்ளே போனாள். குழந்தையின் வாயைத் திறந்து பார்த்தாள். ஈறு வீங்கி, வெள்ளை படர்ந்து, நாற்றம். கன்னம் பளபளவென்று உப்பியிருக்கிறது. அந்தத் தாய், “ஆத்தா எறங்குற வரைக்கும் எங்கயும் தூக்கக் கூடாதுங்க” என்று காலில் விழுந்து அழுதாளாம். இவள் என்ன சொன்னாள் தெரியுமா? “ஆத்தாகிட்ட நாம் பேசிக்கிறேன். நீ ஏறு வண்டியில.” யாரிடமும் கேட்கவில்லை, வீட்டில்கூடச் சொல்லவில்லை. தன் துப்பட்டாவால் குழந்தையைத் தன் மார்போடு கட்டிக்கொண்டு, தாயைப் பின்னால் உட்காரவைத்து, இருபத்தெட்டு கிலோமீட்டர் ஓட்டிப்போய் மருத்துவமனையில் சேர்த்தாள். பதினொரு நாள் தினமும் போய் வந்தாள், கஞ்சியும் முட்டையும் எடுத்துக்கொண்டு. அம்மை வீட்டுக்குப் போன காலோடு வந்து அடுப்படியில் நின்று சமைக்கிறாள்! நாளை உங்கள் வீட்டிலும் இப்படித்தான் செய்வாள். உங்களுக்குப் பேரன் பேத்தி பிறந்து தவழும்போதும் இப்படித்தான் செய்வாள். யோசியுங்கள்.

என்ன கேட்டீர்கள்? குழந்தையா? அந்தக் குழந்தைக்கு என்ன ஆயிற்று என்றா?

ஆறிவிட்டது.

நான் போய்ப் பார்த்தேன். கரிமூட்டத்துக்கு நடந்தே போனேன், மாசி மாதத்து வெயிலில். அதன் தாய் என் முகத்தைப் பார்த்துக் குழந்தையை மறைத்தாள். நான் டீச்சர் என்று சொன்ன பிறகு காட்டினாள். இரண்டு கன்னத்தையும் இந்த விரலால் தொட்டுப் பார்த்தேன். வலக்கன்னம், இடக்கன்னம். ஒரு வடு இல்லை. உள்ளே ஒரு பல் மட்டும் இல்லை. அது பால்பல், முளைத்துவிடும். குழந்தை சிரித்தது. வாயின் இரண்டு ஓரமும் ஒன்றாக மேலே போயின. நான் சற்று நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அவர்கள் கரிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார்கள்.

எதைச் சொல்லிக்கொண்டிருந்தேன்? ஆம். அம்மை வீட்டுக்குப் போகிறவள். சொன்னால் கேட்காதவள். சோலையம்மாளின் பேத்தி. இந்த மூன்றையும் சேர்த்துப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன். நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? காப்பி பாதி இருக்கிறது. சீனி வேண்டுமென்றால் கேட்டிருக்கலாமே.

கண்ணைத் துடைத்துக்கொள்கிறீர்கள். பிறர் என் முகத்துக்காகத்தான் கண்ணைத் துடைப்பார்கள்; நீங்கள் அதற்காகத் துடைக்கவில்லை. எனக்குத் தெரிகிறது. அந்தக் கரிமூட்டத்தை மட்டும் நான் உங்களிடம் சொல்லியிருக்கக் கூடாது.

காரைவீட்டுக்கு எந்தத் தெரு என்று என்னிடமா கேட்கிறீர்கள்? இவ்வளவையும் கேட்ட பிறகு என்னிடமா? அறுபத்திரண்டு ஆண்டுகளில் நான் அந்த வாசலுக்கு எவருக்கும் வழி சொன்னதில்லை அம்மா. வெளியே போய்க் கேளுங்கள். எந்த வீட்டில் கேட்டாலும் காட்டுவார்கள். கதையையும் சேர்த்தே சொல்வார்கள். இந்தத் தெருவில் எல்லோரும் என்னிடம் படித்தவர்கள்.